மாற்று ஆட்டக்காரரின் முழங்கால்

முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து கண் விழிப்பவர்கள் மருத்துவரிடம் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: "பழையபடி நடக்க முடியுமா?" உடனிருக்கும் உறவினர்களோ, "எத்தனை நாளில்?" என்று கேட்கிறார்கள். இரண்டுமே நியாயமான கேள்விகள். இவ்விரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு, அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரர் ஷான் லிவிங்ஸ்டனின் ஆட்ட வாழ்க்கையைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். கூடைப்பந்தை ஒருமுறைகூடப் பார்த்திராத வாசகர்களும் தயங்காமல் படிக்கலாம். ஆட்டத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை ஆங்காங்கே சொல்லிச் செல்கிறோம்.

லிவிங்ஸ்டன் 1985 செப்டம்பர் 11 அன்று இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரில் பிறந்தவர். அவர் ஆடிய பள்ளி அணி 2003, 2004 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மாநிலப் பட்டத்தை வென்றது. என்.பி.ஏ. என்று சுருக்கமாக வழங்கப்படும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியில், அணிகள் ஆண்டுதோறும் புதிய ஆட்டக்காரர்களை வரிசைமுறைப்படி தேர்ந்தெடுக்கும். 2004ஆம் ஆண்டுத் தேர்வில் நான்காவது ஆளாக லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. கல்லூரி வாசலை மிதிக்காமல், பள்ளியிலிருந்து நேரே தொழில்முறை அரங்கிற்குச் சென்ற பதினெட்டு வயது இளைஞர் அவர்.

அவர் ஆடிய இடத்திற்குப் பாயின்ட் கார்டு என்று பெயர். பந்தைத் தட்டிக்கொண்டு முன்னே சென்று, யாருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவு செய்பவர் அவரே. வழக்கமாக அணியிலேயே குள்ளமானவர்தான் அந்த இடத்தில் ஆடுவார். லிவிங்ஸ்டனின் உயரமோ ஆறடி ஏழு அங்குலம். அதாவது 201 சென்டிமீட்டர். எதிராளிகளின் தலைக்கு மேலாகப் பார்த்துப் பந்தை அனுப்பக்கூடிய கார்டு கிடைப்பது அரிது. ஆகவே அவர்மீது வைக்கப்பட்ட எதிர்பார்ப்பும் மிகப் பெரிதாக இருந்தது. முதல் இரண்டு பருவங்களில் காயங்களால் பல ஆட்டங்களைத் தவறவிட்டபோதிலும், மூன்றாம் பருவத்தில் அவர் ஆட்டம் நிலைபெறத் தொடங்கியிருந்தது.

2007 பிப்ரவரி 26

அன்று லாஸ் ஏஞ்சலிஸில் சார்லட் பாப்கேட்ஸ் அணியுடன் ஆட்டம். பந்தை வளையத்தில் இடுவதற்காக எம்பியவர், அது தவறவே, கீழே இறங்கினார். இடக்கால் தரையைத் தொட்ட விதம் பிசகிவிட்டது. யாரும் அவரைத் தள்ளவில்லை, இடிக்கவும் இல்லை. அவருக்கு அப்போது வயது 21.

மக்கள் வழக்கில் ஜவ்வு என்று சொல்லப்படும் இணைப்பு நார்கள் முழங்காலை நான்கு பக்கமும் கட்டி நிறுத்துகின்றன. மூட்டின் உள்ளே குறுக்காக முன்னும் பின்னும் இரண்டு, வெளியே பக்கவாட்டில் இரண்டு. லிவிங்ஸ்டனுக்கு உள்ளே இருக்கும் இரண்டு நார்களும் கிழிந்தன. உட்புறப் பக்க நாரும் கிழிந்தது. எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல அமைந்துள்ள பிறை வடிவக் குருத்தெலும்பும் சேதமடைந்தது. முழங்கால் சில்லு இடம் பெயர்ந்தது. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் இணையும் மூட்டும் விலகியது. விளையாட்டுக் காயங்களில் ஒரு நார் கிழிவதே ஓர் ஆண்டுக்கால இழப்பு என்று கருதப்படும். இங்கே ஒரே நொடியில் ஏறத்தாழ முழு மூட்டும் நிலைகுலைந்தது.

மருத்துவமனையில் அவரிடம் சொல்லப்பட்டவற்றுள் ஒன்று, காலையே அகற்ற நேரலாம் என்பது. முழங்கால் காயத்திற்கும் காலை அகற்றுவதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் வியக்கலாம். முழங்காலின் பின்புறத்தை ஒட்டி, கீழ்க்காலுக்கும் பாதத்திற்கும் இரத்தம் கொண்டுசெல்லும் தமனி ஒன்று ஓடுகிறது. மூட்டு கடுமையாக விலகும்போது அது நசுங்கவோ கிழியவோ கூடும். இரத்தவோட்டம் ஆறு முதல் எட்டு மணி நேரத்திற்குமேல் தடைபட்டால், திசுக்கள் மீளமுடியாத அளவுக்கு அழியத் தொடங்கும். அதனால்தான் இத்தகைய காயத்துடன் வருபவரின் பாதத்தில் நாடித்துடிப்பு இருக்கிறதா என்பதை மருத்துவர்கள் முதலில் தொட்டுப் பார்க்கிறார்கள்.

இதிலிருந்து வீட்டில் உள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வாகன விபத்திலோ, வழுக்கி விழுந்தோ ஒருவரின் முழங்கால் திரும்பிவிட்டால், பாதம் குளிர்ந்திருக்கிறதா, வெளிறியிருக்கிறதா, விரல்கள் மரத்துப்போயுள்ளனவா என்று கவனியுங்கள். இவற்றில் எது இருப்பினும் ஒரு மணி நேரத்தைக்கூட வீணாக்கலாகாது. இழுத்துச் சரிசெய்வது, உருவிவிடுவது, இறுக்கிக் கட்டுவது ஆகியவற்றைச் செய்யாமல், கால் இருக்கும் நிலையிலேயே அசையாமல் தாங்கிப் பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். இந்த அறிகுறிகள் எவையும் இல்லாவிட்டாலும் காயத்தை மருத்துவரிடம் காட்டுவதே முறை. தமனியில் ஏற்பட்ட காயம் சில நேரங்களில் தாமதமாகவே வெளிப்படும்.

லிவிங்ஸ்டனின் கால் காப்பாற்றப்பட்டது. அதன்பின் தொடங்கிய காலத்தைத்தான் செய்தித்தாள்கள் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. அவர் மறுபடியும் நடக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. பல மாதங்கள் அதற்கே சென்றன.

நடப்பதைக் கற்றுக்கொள்வது என்பது வெறும் பேச்சு அலங்காரமில்லை. முழங்கால் சில வாரங்கள் அசையாதிருந்தாலே தொடையின் முன்பக்கத் தசை கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மெலிந்துவிடும். வீக்கமும் வலியும் இருக்கும்வரை அந்தத் தசையை இயக்குமாறு மூளை இடும் கட்டளையும் தடைபடும். நோயாளர் எவ்வளவு முயன்றாலும் தசை இறுகாது. "படுத்தபடியே காலை நேராக உயர்த்துங்கள்" என்று இயன்முறை மருத்துவர் சொல்லும்போது, மிக எளிதான அந்தச் செயலைச் செய்ய முடியாமல் பலர் கலங்குவதற்குக் காரணம் இதுவே. சோம்பலோ மனவுறுதிக் குறைவோ இதற்குக் காரணமென்று வீட்டார் எண்ண வேண்டியதில்லை. தசை முதலில் இறுகப் பழக வேண்டும். பிறகு மூட்டு மடங்கி நீள வேண்டும். பிறகு உடல் எடையைத் தாங்க வேண்டும். ஊன்றுகோலின்றி நடந்த பின்னரும், கண்ணால் பாராமலே கால் எங்கே எப்படி இருக்கிறது என்று உணரும் திறன் மெல்ல மெல்லத்தான் திரும்பும். மேடுபள்ளமான தரையில் தடுமாற்றம் வருவது இதனால்தான்.

2008 ஜூன் மாதத்தில் மருத்துவர்கள் அவரைக் கூடைப்பந்துப் பயிற்சிக்கு அனுமதித்தனர். காயம்பட்ட நாளிலிருந்து ஏறக்குறைய பதினாறு மாதங்கள் கடந்திருந்தன. அவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர். உடற்பயிற்சியே தொழிலாக உடையவர். குணமடைவதைத் தவிர வேறு வேலை இல்லாதவர். சிறந்த நிபுணர்களும் பணவசதியும் வாய்த்தவர். அத்தகையவருக்கே பதினாறு மாதங்கள் தேவைப்பட்டன. அறுபது வயதில், சர்க்கரை நோயுடன், வீட்டு வேலைகளுக்கிடையே பயிற்சி செய்யும் ஒருவர், ஆறு வாரத்தில் முன்னேற்றம் போதவில்லை என்று தம்மை நொந்துகொள்ளும்போது இந்தக் கணக்கை நினைவில் கொள்வது நல்லது. அவருடைய நாள்காட்டி உங்களுடையது அன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எளிய காயங்கள் மிக விரைவில் ஆறுகின்றன.

பத்து நாள் ஒப்பந்தம்

பயிற்சிக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் இடம் கிடைக்கவில்லை. கிளிப்பர்ஸ் அணி அவரைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளவில்லை. 2008ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் மயாமி ஹீட் அணி ஒப்பந்தம் செய்தது. அங்கே அவர் களமிறங்கியது நான்கே ஆட்டங்களில். 2009 ஜனவரியில் மெம்பிஸ் அணிக்கு மாற்றப்பட்டார்; அந்த அணி அவரை ஓர் ஆட்டத்தில்கூட இறக்காமல் விடுவித்தது. ஒரு காலத்தில் நாட்டிலேயே நான்காவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், அதன்பின் என்.பி.ஏ.வுக்கு ஒரு படி கீழே இருந்த வளர்நிலைப் போட்டியில், டல்சா நகர அணிக்காக ஆடினார். அங்கிருந்து ஒக்லஹோமா சிட்டி தண்டர் அணிக்குச் சென்றார். அவ்வணி 2009 டிசம்பரில் அவரை விடுவித்தது.

2010 பிப்ரவரி இறுதியில், காயம்பட்டு மூன்று ஆண்டுகள் நிறைந்திருந்த வேளையில், வாஷிங்டன் விசார்ட்ஸ் அணி அவருடன் பத்து நாள் ஒப்பந்தம் செய்தது. என்.பி.ஏ.வில் உள்ள விசித்திரமான ஏற்பாடு இது. பருவத்தின் பிற்பாதியில் ஓர் ஆட்டக்காரரைப் பத்து நாள்களுக்கு மட்டும் அணிகள் அமர்த்திக்கொள்ளலாம். இரண்டு முறை இப்படிச் செய்த பிறகு, ஒன்று பருவம் முடியும்வரை வைத்துக்கொள்ள வேண்டும். அல்லது அனுப்பிவிட வேண்டும். பதினோராவது நாள் காலையில் வேலை இருக்குமா என்று தெரியாத வாழ்க்கை. தினக்கூலிக்குச் செல்வோருக்கு இந்த அச்சத்தை விளக்க வேண்டியதில்லை. விசார்ட்ஸ் அணி அவரைப் பருவ இறுதிவரை வைத்துக்கொண்டது.

அடுத்த பருவத்தில் அவரை எடுத்துக்கொண்டது சார்லட் பாப்கேட்ஸ். ஆம், எந்த அணிக்கு எதிராக ஆடும்போது முழங்கால் சிதைந்ததோ, அதே அணி. அங்கே ஒரு முழுப் பருவம் ஆடினார். பின்னர் மில்வாக்கி, பின்னர் ஹூஸ்டன், அதுவும் ஆடாமலேயே விடுவிப்பு. மீண்டும் வாஷிங்டன், 2012 டிசம்பரில் கிறிஸ்துமஸை ஒட்டிய நாள்களில் அங்கிருந்து விடுவிக்கப்பட்டு, உடனே கிளீவ்லாந்து கேவலியர்ஸ். 2013இல் புரூக்லின் நெட்ஸ். மயாமியிலிருந்து கணக்கிட்டால், அவர் உண்மையில் களமிறங்கிய என்.பி.ஏ. அணிகள் மட்டும் ஏழு. ஒவ்வோர் ஊரிலும் புதிய வாடகை வீடு, புதிய பயிற்சியாளர், காலைப் பரிசோதிக்கப் புதிய மருத்துவர்.

லிவிங்ஸ்டனைப் பற்றிப் பேசுவோர் பிற்காலத்தில் அவர் பெற்ற பட்டங்களையே எடுத்துச் சொல்கிறார்கள். எம்மைக் கேட்டால், பட்டங்களுக்கு முந்திய இந்த ஐந்தாறு ஆண்டுகளே அவருடைய ஆட்ட வாழ்க்கையின் மையம் என்போம். காயம் ஆறிவிட்டது என்று மருத்துவர் சொன்ன நாளுக்கும், ஆறியவர் என்று உலகம் நம்பிய நாளுக்கும் இடையே அத்தனை தொலைவு இருந்தது. நோயிலிருந்து எழுந்து அலுவலகத்திற்கோ கடைக்கோ வயலுக்கோ திரும்புபவர்களும், அவர்களுடன் இருப்பவர்களும் இந்த இடைக்காலத்தை நன்கு அறிவார்கள். "இவரால் முடியுமா?" என்று பிறர் கண்களில் தெரியும் ஐயத்தைப் போக்க மருந்துச்சீட்டு எதுவும் இல்லை.

எஞ்சியதைக் கொண்டு

இந்த ஆண்டுகளில் அவருடைய ஆட்டமே மாறிப்போயிருந்தது. பழைய வேகமும் எகிறும் உயரமும் முழுமையாகத் திரும்பவில்லை. ஆனால் 201 சென்டிமீட்டர் உயரத்தைக் காயம் எடுத்துக்கொள்ளவில்லை; ஆட்டத்தைப் படிக்கும் கண்ணையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே அவர் தம் ஆட்டத்தை அவ்விரண்டின்மேல் மறுபடி கட்டினார். தம்மைவிடக் குள்ளமான கார்டை முதுகால் தடுத்தபடி வளையத்தை நோக்கி மெல்ல நகர்வார். பத்துப் பதினைந்து அடி தூரத்தில் நின்று, சட்டெனத் திரும்பி, எதிராளியின் கை எட்டாத உயரத்திலிருந்து பந்தை எறிவார். அதிக ஓட்டம் தேவையில்லை. அதிகம் எம்ப வேண்டியதும் இல்லை. எல்லாரும் தொலைவிலிருந்து எறிந்து மூன்று புள்ளிகள் எடுக்க முயலும் காலத்தில், அவர் அந்தப் பழைய பாணி இரண்டு புள்ளிகளை நம்பினார்.

புரூக்லினில் 50க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் தொடக்கத்திலேயே களமிறங்கினார். அங்கே பயிற்சியாளராக இருந்த ஜேசன் கிட், தம் காலத்தில் தலைசிறந்த பாயின்ட் கார்டுகளுள் ஒருவர். அப்பருவத்தைப் பார்த்த கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி, 2014ஆம் ஆண்டுக் கோடையில் லிவிங்ஸ்டனுடன் மூன்றாண்டு ஒப்பந்தம் செய்தது. பத்து நாள்களை எண்ணிய மனிதருக்கு மூன்று ஆண்டுகள்! ஆனால் அங்கே அவருக்கு முன்னால் அதே இடத்தில் ஸ்டெஃபன் கரி இருந்தார். எனவே லிவிங்ஸ்டனுக்குக் கிடைத்தது மாற்று ஆட்டக்காரரின் இருக்கை.

மாற்று ஆட்டக்காரர் என்பதைச் சற்று விளக்க வேண்டும். களத்தில் ஒரு நேரத்தில் ஓர் அணிக்கு ஐந்து பேர். ஆட்ட நேரம் 48 நிமிடங்கள். தொடக்க ஐவர் இளைப்பாறும்போது ஓரத்து இருக்கையிலிருந்து எழுந்து செல்பவர்கள் மாற்று ஆட்டக்காரர்கள். தம் முறை எப்போது வரும் என்பது அவர்கள் கையில் இல்லை. உடல் குளிர்ந்திருக்கும் நிலையில், ஏற்கெனவே சூடேறிய ஆட்டத்திற்குள் நுழைய வேண்டும். பத்து நிமிடம் ஆடிவிட்டு மறுபடி வந்து உட்கார வேண்டும். பழுதுபட்ட முழங்கால் உடையவருக்கு இந்த உட்கார்ந்து எழும் வேலை எளிதன்று. மூட்டுவலி உள்ள எவரும், நெடுநேரம் உட்கார்ந்துவிட்டு எழும் முதல் சில அடிகளைப் பற்றி இதைச் சொல்வார்கள். அதேவேளையில், நாளொன்றுக்குப் பதினைந்து இருபது நிமிட உழைப்பு என்னும் அளவு அந்தக் காலை ஆண்டுக்கணக்கில் காத்தது என்றும் கருத இடமுண்டு.

அந்த அணியின் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர், இந்த இருக்கையின் அருமையை அறிந்தவர். அவரும் ஆடிய காலத்தில் பெரும்பாலும் மாற்று கார்டாகவே இருந்து, சிகாகோ புல்ஸ், சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணிகளுடன் ஐந்து பட்டங்களை வென்றவர். கல்லூரிக் காலத்தில், 1986இல், அவருக்கும் முழங்கால் நார் கிழிந்து ஒரு முழுப் பருவம் போயிற்று. அவர் வந்த முதல் ஆண்டிலேயே, பத்தாண்டுகளாக ஒவ்வோர் ஆட்டத்தையும் தொடக்க ஐவருள் ஒருவராகவே ஆடிப் பழகிய ஆண்ட்ரே இகுவடாலா, ஓரத்து இருக்கைக்கு நகர்த்தப்பட்டார். அப்பருவ இறுதியில், 2015இல், அணி பட்டம் வென்றது. இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரராக அதே இகுவடாலா தேர்ந்தெடுக்கப்பட்டார். லிவிங்ஸ்டனுக்கு அது முதற்பட்டம்.

2016இல் நடந்தவை இன்னும் சுவையானவை. ஏப்ரல் மாதம் கரிக்கு முழங்கால் சுளுக்கியது. அவர் குணமாகும்வரை லிவிங்ஸ்டன் தொடக்கத்தில் ஆடினார். மே மாதம் போர்ட்லண்டில் கரி திரும்பிய நாளன்று தொடக்க ஐவரில் இடம் பெற்றவர் லிவிங்ஸ்டன். அவ்வாண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரராகிய கரி, மாற்று ஆட்டக்காரராக ஓரத்தில் உட்கார்ந்து தம் முறைக்குக் காத்திருந்தார். காலைச் சோதித்துச் சோதித்தே இறக்க வேண்டும் என்ற எச்சரிக்கை அதில் இருந்தது. ஆட்டம் முடிவதற்குள் அவர் 40 புள்ளிகள் எடுத்தார். சாந்த குணத்தினரான லிவிங்ஸ்டனோ, நடுவருடன் வாக்குவாதம் முற்றி முதற்பாதியிலேயே வெளியேற்றப்பட்டார் என்பது வேறு கதை.

ஜூன் 2 அன்று கிளீவ்லாந்துக்கு எதிரான இறுதித் தொடரின் முதல் ஆட்டம். அணியின் இரு பெருந்தூண்களான கரிக்கும் கிளே தாம்சனுக்கும் அன்று பந்து வசப்படவில்லை; இருவரும் சேர்ந்து எடுத்தவை 20 புள்ளிகள். ஓரத்திலிருந்து எழுந்து வந்த லிவிங்ஸ்டன் தனியாக எடுத்தவையும் 20. பத்து எறிதல்களில் எட்டு உள்ளே விழுந்தன. வாரியர்ஸ் 104, கேவலியர்ஸ் 89. அந்தத் தொடரை வாரியர்ஸ் இறுதியில் இழந்துவிட்டது. எனினும் அடுத்த இரண்டு ஆண்டுகளிலும், 2017இலும் 2018இலும், பட்டம் மீண்டும் அவர்களிடம் வந்தது. லிவிங்ஸ்டனின் கணக்கில் மூன்று பட்டங்கள்.

ஆட்டத்திற்குச் சராசரியாக ஆறு புள்ளிகளுக்குச் சற்று மேல். 800க்கும் மேற்பட்ட ஆட்டங்கள். இவை பெரிய நட்சத்திரத்தின் எண்கள் ஆகா. 2004இல் அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் எதிர்பார்த்த எண்களும் இவை இல்லை. அந்தப் பதினெட்டு வயது இளைஞர் எவ்வாறு வளர்ந்திருப்பார் என்று இன்றும் ரசிகர்கள் பேசுவதுண்டு. அந்த இழப்பு உண்மையானது. மூன்று பட்டங்களைக் காட்டி அதை இல்லையென்று ஆக்கிவிட முடியாது. பழையபடி ஆனாரா என்று கேட்டால், இல்லை. இரு கால்களிலும் நின்று, பதினைந்து ஆண்டுகள் தம் தொழிலில் நீடித்தாரா என்று கேட்டால், ஆம்.

2019 ஜூன் 13. டொராண்டோவுக்கு எதிரான இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். வாரியர்ஸ் தோற்றது; லிவிங்ஸ்டனின் கடைசி ஆட்டமும் அதுவாயிற்று. அன்றுதான் எம்பி இறங்கிய கிளே தாம்சனின் இடது முழங்காலில் முன்புறக் குறுக்கு நார் கிழிந்தது. ஜூலையில் லிவிங்ஸ்டனை அணி விடுவித்தது. செப்டம்பரில், 34 வயது நிறைந்த மறுநாளுக்கு மறுநாள், ஓய்வை அறிவித்தார். 2020ஆம் ஆண்டின் இறுதியில் அதே அணியின் நிர்வாகத்தில், ஆட்டக்காரர்களின் நலன்களைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்றார். முழங்கால் ஆறிவந்த தாம்சனுக்கு அப்போதுதான் வலக்காலின் குதிகால் நார் அறுந்திருந்தது. தாம்சன் மீண்டும் களமிறங்கியது 2022 ஜனவரி 9 அன்று, 941 நாள்களுக்குப் பிறகு. அன்று அவர் முதற்கட்டமாக ஆடியது இருபது நிமிடங்கள்.